ஈழத்தலரியா, பாலைவன ரோஜாவா?

(தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பூன் லே வட்டாரத்தில் ஒரு பழைய புளோக். அதன் நான்காவது மாடியில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாமனாருக்கு வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது; சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். மாமியார் ஜொகூரில் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி இங்கே வந்தவர். மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள். வீட்டில் இரண்டு வயதுப் பேரன் ஒருவன்.

புளோக்குக்குக் கீழே இருக்கும் சமூகத் தோட்டத்தில் ஓர் ஓரம் காலியாகக் கிடக்கிறது. அங்கே என்ன நடலாம் என்று குடியிருப்பாளர்களிடம் கேட்கிறார்கள். அன்று இரவு அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு சின்னப் பட்டிமன்றமே நடந்துவிடுகிறது.

"ஈழத்தலரி வைக்கலாம்மா. ஒரு கிளையை ஒடிச்சு நட்டாப் போதும், பிழைச்சுக்கும். சாயங்காலம் மாமாவைக் கீழே கூட்டிட்டுப் போனா உட்கார நிழல் வேணும் இல்லையா?" என்கிறார் மாமியார்.

"அத்தை, அது மரம். வளர்ந்து பூக்குறதுக்குள்ள எத்தனை வருஷம் ஆகும்! பாலைவன ரோஜா வாங்கி வைப்போம். அழகா இருக்கும், தினமும் தண்ணி ஊத்தணும்னு அவசியமும் இல்லை. நம்ம வீட்டு வாசலிலேயும் நாலு தொட்டி வைக்கலாம்" என்கிறார் மருமகள்.

"ஏம்மா, மணமில்லாத பூவும் ஒரு பூவா?" என்று மாமியார் கேட்க, அத்தோடு பேச்சு நின்றுவிடுகிறது.

இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இருவருமே செடியைப் பற்றித்தான் பேசினார்கள். அது நிற்கப்போகும் இடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. இந்த உரை அந்த இடத்தைப் பற்றியது.

தமிழர்களுக்கு இந்தச் சிந்தனை புதிதல்ல. சங்கத் தமிழர் நிலத்தை ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய மரம் எது, பூ எது என்று வகுத்து வைத்தார்கள். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்ற பெயர்களே செடிகொடிகளின் பெயர்கள்தாம். நிலத்தைப் பார்த்துவிட்டுச் செடியைப் பார்ப்பது நம் முன்னோர் வழக்கம். கடையில் பூத்து நிற்கும் செடியைப் பார்த்து மயங்கி வாங்கிவிட்டு, அப்புறம் எங்கே வைப்பது என்று யோசிப்பது நம் காலத்துப் பழக்கம்.

இருவரும் உறவினர்கள்

முதலில் இந்த இரண்டும் யார் என்று பார்த்துவிடுவோம். ஈழத்தலரியைச் சிலர் பெருங்கள்ளி என்பார்கள், சிலர் கப்பல் அலரி என்பார்கள். மலாய்க்காரர்களுக்கு அது கெம்போஜா. ஆங்கிலத்தில் ஃபிராங்கிபானி. தாவரவியலாளர்கள் பிளூமேரியா என்கிறார்கள். சார்ல்ஸ் பிளூமியே என்ற பிரெஞ்சுத் துறவியின் நினைவாக வைத்த பெயர் அது. பாலைவன ரோஜாவுக்கு அடீனியம் என்று பெயர். ரோஜா என்று சொன்னாலும் ரோஜாவுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இரண்டும் அலரிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இலையைக் கிள்ளினால் இரண்டிலும் பால் வடியும். இரண்டும் தண்டில் தண்ணீரைச் சேர்த்து வைக்கும். பூவும் ஐந்து இதழ்தான்.

இரண்டுமே சிங்கப்பூரின் பூர்விகச் செடிகள் அல்ல. ஈழத்தலரி மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் வந்தது. பாலைவன ரோஜா ஆப்பிரிக்காவின் வறண்ட நிலங்களையும் அரேபியாவின் தென்பகுதியையும் சேர்ந்தது. ஏமன் நாட்டில் ஆராய்ச்சி செய்யப் போய், 1763ஆம் ஆண்டில் அங்கேயே மலேரியாவுக்குப் பலியானவர் பீட்டர் ஃபோர்ஸ்கால் என்ற தாவரவியலாளர். அவர் விட்டுச் சென்ற குறிப்புகள் 1775ஆம் ஆண்டில் நூலாக வந்தபோதுதான் இந்தச் செடி அறிவியல் உலகுக்கு முறையாக அறிமுகமானது. அடீனியம் என்ற பெயரிலேயே ஏமனின் ஏடன் துறைமுகம் இருக்கிறது.

ஒன்று இங்கே வந்து மண்ணோடு பழகிவிட்டது. மற்றது இன்னும் விருந்தாளியாகவே இருக்கிறது. ஈழத்தலரி எந்த அளவுக்கு இங்கே வேரூன்றியது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. வட்டமான இலை, வெள்ளைப் பூ, ஆண்டு முழுவதும் பசுமை என்று ஓர் இனம் இருக்கிறது. ஹவாய்த் தீவுகளில் அதற்குப் பெயர் 'சிங்கப்பூர் பிளூமேரியா'. 1931ஆம் ஆண்டில் நம்முடைய பூமலையிலிருந்துதான் அது அங்கே கொண்டுபோகப்பட்டது. எங்கிருந்தோ வந்த மரம், நம் ஊர்ப் பெயரோடு வேறொரு தீவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

மழை சொல்லும் கணக்கு

இடத்தைப் பற்றிப் பேசும்போது முதலில் வருவது மழை. ஏடன் நகரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 50 மில்லிமீட்டர்தான். சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி சுமார் 2,100 மில்லிமீட்டர். ஆண்டில் ஏறக்குறைய 170 நாள் மழை நாள். 2021ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் தேதி தீவின் மேற்குப் பகுதியில் ஒரே பிற்பகலில் 170 மில்லிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. ஏடன் மூன்று ஆண்டுகளில் காணும் மழையை மேற்கு சிங்கப்பூர் சில மணி நேரத்தில் பார்த்துவிட்டது.

பாலைவன ரோஜா வளரும் எல்லா இடமும் ஏடனைப் போல் வறண்டது என்று சொல்வதற்கில்லை. கூடுதலாக மழை பெய்யும் மலையடிவாரங்களிலும் அது வளர்கிறது. ஆனால் அங்கே பாறை இடுக்கிலும் மணலிலும் வேர் விட்டிருப்பதால் பெய்த தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். நம் புளோக்குகளுக்குக் கீழே இருப்பதோ பல இடங்களில் இறுகிப்போன களிமண். மழை பெய்தால் தண்ணீர் தேங்கும். அந்த மண்ணில், திறந்த வெளியில் பாலைவன ரோஜாவை நட்டால் என்ன ஆகும்? சில மாதங்கள் நன்றாகத்தான் இருக்கும், பூக்கவும் செய்யும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் வடகிழக்குப் பருவமழை நாள் கணக்கில் பெய்யும்போது அந்தப் பருத்த அடித்தண்டு உள்ளுக்குள் அழுகத் தொடங்கும். இலை மஞ்சளாவதைப் பார்த்து, தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம். செடி இரட்டைக் கொடுமைக்கு ஆளாகும்.

கரையோரப் பூந்தோட்டங்களுக்குப் போனவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். அங்கே கள்ளிகளையும் மற்றப் பாலைவனச் செடிகளையும் மழை படாத கூரையின் கீழ் வைத்துத்தான் வளர்க்கிறார்கள். இத்தனை நிபுணர்கள் இருக்கும் இடத்திலேயே கூரை தேவைப்படுகிறது என்றால், நம் சமூகத் தோட்டத்துத் திறந்த ஓரம் எம்மாத்திரம்?

ஈழத்தலரியும் சேற்றில் வளரும் மரமல்ல. அதற்கும் தண்ணீர் தேங்கினால் பிடிக்காது. ஆனால் மண்ணைச் சற்று மேடாக்கி, சரிவு கொடுத்து நட்டுவிட்டால் நம் மழையைத் தாங்கிக்கொள்ளும். இந்த ஊர்ச் சாலையோரங்களிலும் கோயில், பள்ளிவாசல் வளாகங்களிலும் பூங்காக்களிலும் அது பல ஆண்டுகளாக நின்றுகொண்டிருப்பதே அதற்குச் சான்று.

எவ்வளவு இடம், எத்தனை ஆண்டு

அடுத்தது, இடத்தின் அளவு. ஈழத்தலரி ஐந்து முதல் எட்டு மீட்டர் வரை உயரும்; ஏறக்குறைய அதே அகலத்துக்குக் குடை விரிக்கும். அதற்குக் குறைந்தது மூன்று நான்கு மீட்டர் இடைவெளி வேண்டும். அதன் வேர் கட்டடத்தையோ வடிகாலையோ உடைத்துக்கொண்டு போகும் முரட்டு வேரல்ல. அதனால்தான் சிறிய தோட்டத்துக்கு ஏற்ற மரம் என்கிறார்கள். கிளைகள் மட்டும் எளிதில் முறியும். பிள்ளைகள் ஏறி விளையாடும் மரமாக அதை நினைக்கக் கூடாது.

பாலைவன ரோஜா தொட்டியில் வளரும்போது பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். கத்தரித்து விட்டால் இன்னும் சிறிதாகவே வைத்துக்கொள்ளலாம். வேர் நெருக்கமாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். வீடு மாறினால் கையோடு எடுத்துச் செல்லலாம். அடுக்குமாடி வீட்டில் குடியிருப்போருக்கு இது பெரிய வசதி.

நிழல் என்று பார்த்தால் போட்டியே இல்லை. பாலைவன ரோஜா யாருக்கும் நிழல் தராது. ஈழத்தலரி தரும், ஆனால் நட்ட அடுத்த ஆண்டே தராது. கிளையிலிருந்து வைத்த கன்று ஓரிரு ஆண்டுகளில் பூக்கத் தொடங்கிவிடும். ஒரு பெரியவர் நாற்காலி போட்டு உட்காரும் அளவுக்குக் குடை விரிய மேலும் பல ஆண்டுகள் பிடிக்கும்.

பாலில் இருக்கும் நஞ்சு

இனிமேல் சொல்லப்போவதைப் பிள்ளைகள் உள்ள வீட்டார் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். இரண்டு செடிகளின் பாலும் ஆபத்தானது. ஈழத்தலரியின் பால் தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பும் தடிப்பும் வரும். கண்ணில் பட்டால் எரிச்சல் கொடுமையாக இருக்கும். பாலைவன ரோஜா அதைவிடக் கடுமையானது. இதயத்துடிப்பைப் பாதிக்கும் நச்சுப் பொருள்கள் அதில் உண்டு. ஆப்பிரிக்காவில் வேட்டைக்காரர்கள் அதன் சாற்றைக் காய்ச்சி அம்பு முனையில் தடவினார்கள் என்றால் அதன் வீரியத்தைப் புரிந்துகொள்ளலாம்.

இதற்காகப் பயந்து செடியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. வீட்டில் அரளி வளர்த்த நம் பாட்டிமார்கள் அதன் விஷம் தெரிந்துதான் வளர்த்தார்கள். ஆனால் தரையில் வைத்த தொட்டி, கையில் கிடைத்ததை வாயில் வைக்கும் இரண்டு வயதுப் பிள்ளையின் முகத்துக்கு நேராக இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. அந்த வீட்டில் செடி பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில், கீழே விழாத நிலையான மேசைமீது இருக்க வேண்டும். கத்தரிக்கும்போது கையுறை போட்டு, முடித்ததும் கையைக் கழுவ வேண்டும். பிள்ளை இலையையோ பூவையோ மென்றுவிட்டால், வாந்தி வருகிறதா பார்ப்போம் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். என்ன செடி என்று மருத்துவரிடம் காட்ட ஓர் இலையைக் கொண்டுபோவது உதவும்.

நடைபாதையும் கொசுவும்

வாசலில் நாலு தொட்டி என்றாரே மருமகள், அதையும் பார்ப்போம். பொது நடைபாதையில் பொருள்களை வைத்தாலும் குறைந்தது 1.2 மீட்டர் அகல வழி தடையின்றி இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் தீப்பாதுகாப்பு விதி. இந்த விதி ஏதோ அதிகாரிகளின் திருப்திக்காகப் போட்டது அல்ல. தீ பிடித்தால் நாற்காலியில் இருக்கும் மாமனாரைத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டிய வழி அதுதான். பக்கத்து வீட்டுக்கு மருத்துவ ஊழியர்கள் படுக்கையைக் கொண்டுவர வேண்டிய வழியும் அதுதான். தொட்டியைச் சுவரின் மேல் விளிம்பில் வைப்பதோ இன்னும் ஆபத்து. நான்காம் மாடியிலிருந்து ஒரு மண்தொட்டி விழுந்தால் கீழே போகிறவர் உயிருக்கு யார் பொறுப்பு?

அடுத்து டெங்கி. 2020ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் 35,000க்கும் மேற்பட்டோர் டெங்கியால் பாதிக்கப்பட்டார்கள். 20 காசு நாணயம் அளவுக்குத் தண்ணீர் தேங்கினாலே ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும். அதனால்தான் இறுகிய தொட்டி மண்ணைக் கிளறிவிடுங்கள், தொட்டித் தட்டில் உள்ள தண்ணீரைக் கொட்டிவிடுங்கள் என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் ஓயாமல் சொல்கிறது.

இந்த ஒரு விஷயத்தில் பாலைவன ரோஜாவுக்கு நல்ல மதிப்பெண் தரலாம். அதற்குத் தட்டே தேவையில்லை. தண்ணீர் ஊற்றும்போது மட்டும் ஒரு தட்டை வைத்து, வடிந்ததும் எடுத்துக் கொட்டிக் கவிழ்த்துவிடலாம். தட்டில் தண்ணீர் நின்றால் கொசுவுக்கும் கொண்டாட்டம், செடிக்கும் வேர் அழுகல். செடிக்கு எது நல்லதோ அதுவே வீட்டுக்கும் நல்லது.

மணமும் நம்பிக்கையும்

ஊரார் என்ன சொல்வார்கள் என்பதும் இந்த ஊரில் ஒரு கணக்குத்தான். ஈழத்தலரியைக் கண்டால் மலாய் அண்டைவீட்டார் சிலருக்கு இடுகாட்டு நினைவு வரும். அங்கே நடும் மரம் அது என்பது பழைய வழக்கு. இலங்கையிலோ அதுவே புத்தருக்குச் சாற்றும் பூ. லாவோஸ் நாட்டின் தேசியப் பூவும் அதுதான். நம் கோயில் பிராகாரங்களிலும் பார்க்கிறோம். பாலைவன ரோஜாவைச் சீனர்கள் செல்வமும் மதிப்பும் தரும் பூ என்ற பொருளில் அழைக்கிறார்கள். சீனப் புத்தாண்டுக்கு விரும்பி வாங்குகிறார்கள். ஒரே குடும்பத்துச் செடிகளில் ஒன்று சாவை நினைவூட்டுகிறது, ஒன்று செல்வத்தை நினைவூட்டுகிறது. செடிக்கு இது எதுவும் தெரியாது. ஆனால் பொது இடத்தில் நடுவதற்கு முன் பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது மரியாதை. கேட்டால் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை.

மணத்தில் மாமியார் சொன்னதுதான் சரி. ஈழத்தலரி பொழுது சாய்ந்த பிறகுதான் நன்றாக மணக்கும். அந்துப்பூச்சியை வரவழைக்கவே அந்த மணம். வந்து தேடும் பூச்சிக்குத் தேன் ஒன்றும் கிடைக்காது! பாலைவன ரோஜாவின் பெருமை நிறத்தில். வெள்ளை, இளஞ்சிவப்பு, கருஞ்சிவப்பு, அடுக்கிதழ் என்று தாய்லாந்திலும் தைவானிலும் கலப்பினங்களை உருவாக்கித் தள்ளியிருக்கிறார்கள்.

நடும் முறை

ஈழத்தலரிக்கு முற்றிய கிளையாக ஒரு முழ நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். உடனே மண்ணில் சொருகக் கூடாது. நிழலில் ஒன்று இரண்டு வாரம் போட்டு, வெட்டுவாய் காய்ந்து பால் அடங்கிய பிறகு நட வேண்டும். மேடாக்கிய மண்ணில் நாலு விரல் ஆழத்துக்கு வைத்து, காற்றில் ஆடாமல் குச்சி கட்டுங்கள். இலை விடும்வரை தண்ணீர் அளவாக இருக்கட்டும். இலையின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் மாவு போலப் படிந்தால் அது துரு நோய். அந்த இலைகளைப் பறித்துப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். கூர் இலை இனத்தைவிட வட்ட இலை இனத்துக்கு இந்த நோய் குறைவு.

பாலைவன ரோஜாவுக்கு அடியில் ஓட்டைகள் உள்ள மண்தொட்டி நல்லது. சாதாரணத் தொட்டிமண் ஒரு பங்கு என்றால் கரடுமுரடான மணல், செங்கல் தூள், கரித்துண்டு எல்லாம் சேர்ந்து இரண்டு பங்கு இருக்கட்டும். ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும்; வெயில் வராத நடைபாதையில் இலை வளருமே தவிரப் பூ வராது. மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர். வாரம் ஒருமுறை கட்டைவிரலால் அடித்தண்டை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் நலம். மெத்தென்று அமுங்கினால் அழுகல். உடனே பிடுங்கி, அழுகிய சதையைச் சுத்தமான கத்தியால் வெட்டி நீக்கி, ஒரு வாரம் உலர்த்திப் புது மண்ணில் வையுங்கள். பல செடிகள் இப்படிப் பிழைத்துக்கொள்ளும்.

சரி, அந்தக் குடும்பம்?

பூன் லே என்ற பெயரே ஒரு தோட்ட முதலாளியின் பெயர்தான். சியூ பூன் லே என்ற வணிகருக்கு ஜூரோங்கில் மிளகும் கம்பீரும் பின்னர் ரப்பரும் பயிரான தோட்டங்கள் இருந்தன. இன்று அந்த மண்ணில் அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லாதவர்களும் மண்ணைத் தொடுவதற்காகத்தான் தேசியப் பூங்காக் கழகம் 2005ஆம் ஆண்டில் சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. இப்போது தீவெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் இருக்கின்றன. ஆனால் அங்கே நிலம் பொதுவானது. ஒருவர் விருப்பத்துக்கு மரம் நட முடியாது. தோட்டக் குழுவிடமும் நகர மன்றத்திடமும் கேட்டு, நிலத்தடியில் குழாய், கம்பி போகிறதா என்று தெரிந்துகொண்டுதான் நட வேண்டும். கேட்காமல் நட்ட மரம் பத்து ஆண்டு கழித்து வெட்டப்படும்போது வருத்தப்பட்டுப் பயனில்லை.

ஆகவே தீர்ப்பு இதுதான். திறந்த நிலம், மழை, போதிய இடைவெளி இருந்தால் ஈழத்தலரி. கூரை, வெயில், தொட்டி இருந்தால் பாலைவன ரோஜா. இடம் மாறினால் இரண்டுமே வீண். சமூகத் தோட்டத்து ஓரத்துக்கு மாமியாரின் மரம் போகட்டும். மருமகளின் செடி வாசலுக்கு வரட்டும். நாலு தொட்டி வேண்டாம், ஒன்று போதும், பேரனுக்கு எட்டாத உயரத்தில், நாற்காலி போகும் வழியை விட்டு.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த மரம் குடை விரிக்கும்போது மாமனார் அதன் கீழே உட்கார இருப்பாரா? அதற்கு யாராலும் உறுதி சொல்ல முடியாது. அதனால் மரம் வளரட்டும் என்று அவரை நான்காம் மாடியிலேயே உட்கார வைத்துவிடாதீர்கள். கிளையை நடும் நாளிலேயே அவரையும் கீழே கூட்டிப்போங்கள். மேடு எங்கே வர வேண்டும், குச்சி எப்படிக் கட்ட வேண்டும் என்று அவர் சொல்லட்டும். இன்றைக்கு நிழல் வேண்டுமென்றால் வளர்ந்த மரம் ஒன்று பக்கத்தில் இருக்கும். அதை எப்போதோ யாரோ நட்டிருக்கிறார்கள். அதன் கீழே நாற்காலியை நிறுத்திவிட்டு, புதுக் கன்றுக்குப் பேரன் கையால் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள்.